கணையத்தின் அரிய நீர்க்கட்டிகள்

கணையம் இரைப்பைக்குப் பின்புறம் கிடக்கும், ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீளமுள்ள சுரப்பி. அதில் உண்டாகும் நீர்க்கட்டிகள் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தென்படுகின்றன. அவற்றில் சில நாளடைவில் புற்றுநோயாக மாறக்கூடியவை. சில தீங்கற்றவை. எது எந்த வகை என்று பிரித்தறிவதைப் பொறுத்தே சிகிச்சை அமைகிறது.

முதலில் நோயாளியின் வரலாறு. கணைய அழற்சிக்குப் பின் தோன்றுவது பெரும்பாலும் போலி நீர்க்கட்டி. அதன் நீரில் அமைலேஸ் நொதி மிகுந்திருக்கும். வான் ஹிப்பல் லிண்டாவ் என்னும் பரம்பரை நோய் உள்ளவர்களுக்குக் கணையத்தில் பல கட்டிகள் காணப்படலாம்.

அடுத்தவை சி.டி., எம்.ஆர்.ஐ. படங்கள். தேனடை போன்ற சிறு அறைகளும் நடுவே சுண்ணாம்பு படிந்த தழும்பும் தெரிந்தால், அது சீரஸ் வகைக் கட்டி. இவ்வகை புற்றாவது மிக மிக அரிது. கணைய நாளத்தோடு தொடர்புள்ள கட்டி என்றால், புற்றாக மாறக்கூடிய, சளி சுரக்கும் வகையோ என்று ஐயுற வேண்டும்.

படம் தெளிவு தராதபோது, வாய் வழியே எண்டோஸ்கோப் செலுத்தி, அல்ட்ராசவுண்ட் துணையோடு கட்டியின் நீரை ஊசியால் உறிஞ்சி எடுக்கிறார்கள். அந்த நீரில் சி.இ.ஏ. என்னும் புரதம் ஒரு மில்லிலிட்டருக்கு 192 நானோகிராமைத் தாண்டினால் சளி வகை என்பது பரவலான அளவுகோல்.

அரிய கட்டிகளில் இந்த அளவுகோல் தவறிவிடக்கூடும். நிணத்திசு சூழ்ந்த செதிள்படலக் கட்டி நடுவயது கடந்த ஆண்களிடமே அதிகம், முற்றிலும் தீங்கற்றது. ஆனாலும் அதன் நீரில் சி.இ.ஏ. உயர்ந்திருக்கலாம், இரத்தத்தில் சி.ஏ. 19-9 என்னும் புற்றுக் குறிப்பானின் அளவும் கூடியிருக்கலாம். உறிஞ்சிய பொருளை நுண்ணோக்கியில் பார்க்கும்போது உட்கரு இல்லாத செதிள் செல்கள், கெரட்டின் துகள்கள், நிணநீர்ச் செல்கள் தென்பட்டால் உண்மை விளங்கிவிடும்.

கணையத்தின் வால்பகுதியில் சிலருக்குத் துணை மண்ணீரல் புதைந்திருக்கும். அதற்குள் தோன்றும் கட்டியின் சுவர், ஸ்கேனில் மண்ணீரலைப் போலவே ஒளிரும். சூடாக்கிய சிவப்பணுக்களில் டெக்னீசியம் ஏற்றிச் செய்யும் ஸ்கேன், அது மண்ணீரல் திசுதான் என்று உறுதிசெய்ய உதவும். நிணநாளக் கட்டியிலோ பால் போன்ற நீரும் மிகுந்த டிரைகிளிசரைடும் இருக்கும்.

எந்த ஒரு சோதனையும் தனித்து முடிவு சொல்லாது. வரலாறு, படம், நீர், செல் நான்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கணைய அறுவை சிகிச்சை பெரிதும் சிக்கலானது. தீங்கற்ற கட்டியைச் சரியாக இனங்கண்டால், பலருக்கு அந்த அறுவை தேவையே இல்லாமல் போகும்.