பிடித்த இசைத்தொகுப்பும் பிழைக்கும் தொழிலும்



'பிடித்த இசைத்தொகுப்பு ஒருவரின் தொழிலுக்கு உதவுமா?' இதுவே இன்றைய கருத்தரங்கின் கேள்வி. பாட்டு பொழுதுபோக்கு, பிழைப்பு வேறு என்று பெரியவர்கள் சொல்லக்கூடும். ஆனால் அழைப்பிதழ், பதாகை, சட்டை, கடைப்பெயர்ப் பலகை என்று வடிவமைத்துத் தொழில் நடத்தும் இளைஞர்கள் பாட்டு இல்லாமல் கணினி முன் உட்காருவதில்லை. அந்தப் பாட்டு காதோடு நின்றுவிடுகிறதா, கைக்கும் வந்து சேர்கிறதா என்பதைத்தான் சிந்திக்க வேண்டியிருக்கிறது.

குளுவாங் வடிவமைப்புக்குப் புதிய ஊர் அன்று. 'கெலுவாங்' என்னும் பெரிய பழந்தின்னி வௌவாலே இந்த ஊருக்குப் பெயர் கொடுத்தது. 1938ஆம் ஆண்டு முதல் பேர் சொல்லும் ரயில் நிலையக் காப்பிக் கடை இங்கே உண்டு. மலேசியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1963 டிசம்பரில் தொடங்கியது. அந்தப் புதுமை அடங்குவதற்குள், அதே 1960களில், இவ்வூர்க் காப்பித்தூள் பொட்டலத்தில் தொலைக்காட்சிப் பெட்டியே முத்திரையாக ஏறிவிட்டது. காப்பிக்கும் தொலைக்காட்சிக்கும் என்ன தொடர்பு? ஊரார் அன்று எதை வியந்து பேசினார்களோ, அதை வணிகர் தம் அடையாளமாக்கிக்கொண்டார். அந்த முத்திரை இன்றைக்கும் நிற்கிறது.

இன்றைய சிறிய வடிவமைப்புக் கடைகளின் நிலை என்ன? வாடிக்கையாளர் கைப்பேசியை நீட்டி, 'இதே மாதிரி செய்து கொடு' என்கிறார். படம் இணையத்திலிருந்து இறங்குகிறது, பெயர் மட்டும் மாறுகிறது, அச்சுக்குப் போகிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்த பிறகு அந்தச் சிரமமும் இல்லை. எல்லாக் கடையிலும் ஒரே படம் கிடைக்கும்போது எதை வைத்துப் போட்டி போடுவது? விலையை வைத்துத்தான். பக்கத்துக் கடை ஐந்து வெள்ளி குறைத்தால் வாடிக்கையாளர் அங்கே போய்விடுவார். சொந்தக் கைவண்ணம் இல்லாத கடைக்கு ஆயுள் குறைவு. தோட்டத்தை விட்டு வெளியேறிச் சொந்தத் தொழில் தொடங்கிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இது சோற்றுப் பிரச்சினை.

உறை சொல்லும் வரலாறு

இசைக்கும் வடிவமைப்புக்கும் உள்ள உறவு இசைத்தட்டின் மேலுறையில் தொடங்குகிறது. அந்தக் காலத்தில் இசைத்தட்டுகள் வெறும் பழுப்புத் தாள் உறைகளில் வந்தன. அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இருபது வயது தாண்டிய இளைஞர், 1940ஐ ஒட்டிய காலத்தில், உறையில் ஓவியம் வரையலாம் என்று முதலாளிகளைச் சம்மதிக்க வைத்தார். உள்ளே இருக்கும் இசை எப்படிப்பட்டது என்பதைக் கடைக்கு வந்தவரின் கண்ணுக்குச் சொல்வதுதான் அவர் நோக்கம். விற்பனை கூடியது. மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன.

அடுத்து வந்தவர்களில் ரீட் மைல்ஸ் முக்கியமானவர். 'புளூ நோட்' என்னும் ஜாஸ் இசை நிறுவனத்துக்கு 1950களின் நடுவிலிருந்து நூற்றுக்கணக்கான உறைகளை வடிவமைத்தவர். கையில் பணம் குறைவு. பல உறைகளுக்கு ஒரு புகைப்படம், ஓரிரு வண்ணம், பெரிய எழுத்து, அவ்வளவுதான். இன்னொரு வியப்பான செய்தி, அவர் ஜாஸ் ரசிகரே இல்லை. மேற்கத்திய சாஸ்திரிய இசையே அவருக்குப் பிடித்தமானது. பதிவின்போது இசை எப்படி இருந்தது என்று தயாரிப்பாளர் சொல்லக் கேட்டு, அந்த உணர்வை எழுத்துகளின் அளவிலும் இடைவெளியிலும் கொண்டுவந்தார். செலவழிக்கக் காசு இல்லை என்பதே அவருடைய பாணியாகிவிட்டது. சின்னக் கடை வைத்திருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

நேர்மாறான பாடமும் உண்டு. பிரிட்டனின் 'நியூ ஆர்டர்' குழு 1983இல் வெளியிட்ட 'புளூ மண்டே' இசைத்தட்டுக்குப் பீட்டர் சாவில், கணினி நெகிழ்தட்டைப் போலத் துளைகள் வெட்டிய உறையை வடிவமைத்தார். அழகில் குறையில்லை. ஆனால் உறைக்கான செலவு லாபத்தை விழுங்கிவிட்டதாக வெளியிட்ட நிறுவனத்தாரே பல காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அச்சகத்தில் விலை கேட்காமல் வாடிக்கையாளரிடம் ஒப்புக்கொள்ளும் வடிவமைப்பாளருக்கு இந்தக் கதை போதும்.

குருவின் பெயரைச் சொல்லுதல்

தமிழர்களுக்கு நெருக்கமான சான்று இளையராஜா 1986இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்'. 'இதற்கு என்ன பெயர் வைப்பது' என்ற கேள்வியே அந்த இசைத்தொகுப்பின் பெயர். கர்நாடக இசையும் ஐரோப்பிய பரோக் இசையும் அதில் சேர்ந்து நடக்கின்றன. அதைத் தியாகராஜருக்கும் பாக் என்னும் ஜெர்மானிய மேதைக்கும் காணிக்கையாக்கினார் அவர். தியாகராஜர் கீர்த்தனையை அப்படியே எடுத்துவைக்கவில்லை. பாக் எழுதியதைப் பெயர் மாற்றிக் கொடுக்கவும் இல்லை. இருவரிடமும் கற்றதைச் சொந்தமாகச் செய்துவிட்டு, 'இவர்கள் என் ஆசான்கள்' என்று பெயர் சொல்லி வணங்கினார். ஊக்கம் பெறுவது என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

மலேசியாவிலேயே யோகி பி - நட்சத்ரா குழுவின் 'வல்லவன்' 2006இல் வந்தது. 'நிழல்கள்' படத்தின் 1980ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றை எடுத்து, தங்கள் சொல்லிசையைச் சேர்த்து, கடல் கடந்து தமிழகத்திலும் அதை முழங்கவைத்தார்கள். மூலப் பாடல் எது என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை. புதிதாகச் சேர்ந்தது எது என்பதிலும் சந்தேகம் வரவில்லை.

இசையையும் வடிவமைப்பையும் ஒரே கையில் வைத்திருப்பவர் எம்.ஐ.ஏ. எனப்படும் மாதங்கி அருள்பிரகாசம். லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் குழந்தைப் பருவத்தைக் கழித்து, அகதியாக மீண்டும் லண்டன் போன ஈழத்தமிழ்ப் பெண். அங்கே சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரியில் படித்தார். பாடகியாவதற்கு முன்பே, 'எலாஸ்டிகா' என்ற ராக் குழுவின் 2000ஆம் ஆண்டு இசைத்தொகுப்புக்கு மேலுறை வடிவமைத்தார். பிறகு தம் முதல் தொகுப்புக்குத் தந்தையின் இயக்கப் பெயரான 'அருளர்' (2005) என்பதையும், இரண்டாவதற்குத் தாயின் பெயரான 'கலா' (2007) என்பதையும் சூட்டினார். இரண்டாவது தொகுப்புக்காகத் தமிழ்நாட்டு உருமி மேளத்தைப் பதிவு செய்தார். 2013இல் இத்தாலியின் வெர்சாச்சி நிறுவனத்துக்கு உடை வடிவமைத்தபோது, லண்டன் சந்தைகளில் விற்கும் போலி வெர்சாச்சி உடைகளையே கருப்பொருளாக்கினார். உலகச் சந்தைக்குப் போனவர் எடுத்துச் சென்றது தம் வீட்டுப் பெயர்களையும், ஊர் மேளத்தையும், தெருவில் கண்டதையும்தான்.

அட்டையில் இல்லாத முகம்

மேலுறையில் யார் இருக்கிறார், யார் இல்லை என்பதும் சின்ன விஷயமில்லை. 2021 மார்ச்சில் வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி' பாடல் உலகெங்கும் ஒலித்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையை நினைத்து அதை எழுதியவர் அறிவு. அதே ஆண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் அந்தப் பாடலைப் பாடிய தீ இருந்தார், அறிவு இல்லை. கண்டனம் எழுந்தது. பிறகு அறிவின் படத்துடன் இணைய அட்டை ஒன்றை இதழ் வெளியிட்டது. தோட்டப்புற வரலாறு உள்ளவர்களுக்கு இது வெறும் செய்தியாக இருக்க முடியாது. உழைத்தவர் பெயர் அட்டையில் விடுபட்டால் எப்படி வலிக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஆகவே, மற்றவர் படத்தை எடுக்கும்போது அந்த வலியை எண்ணிப் பார்க்க வேண்டும். சட்டமும் சும்மா இல்லை. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, கலைப்படைப்புக்கான உரிமை படைப்பாளியின் ஆயுளுக்கும் அதற்குப் பின் 50 ஆண்டுகளுக்கும் நீடிக்கிறது. பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. ஆனால் கருத்துக்கு யாரும் வேலி போட முடியாது. ஓர் உறையில் உள்ள ஓவியத்தைச் சட்டையில் அச்சடித்து விற்றால் குற்றம். அந்த உறை இரண்டே வண்ணத்தில் எப்படிப் பேசுகிறது என்று கற்றுக்கொண்டு புதிதாக வரைந்தால் அது தொழில்.

எப்படித் தொடங்குவது?

இளைஞர்கள் தங்களுக்கு மிகப் பிடித்த ஓர் இசைத்தொகுப்பை எடுத்துக்கொள்ளட்டும். கைப்பேசியில் பாடல்களைத் தாண்டித் தாண்டிப் போகாமல், முதல் பாடலிலிருந்து கடைசிவரை வரிசையாகக் கேட்கட்டும். எங்கே வேகம், எங்கே அமைதி, எந்த ஓசை திரும்பத் திரும்ப வருகிறது என்று ஒரு தாளில் எழுதட்டும். அதை வண்ணமாகவும் எழுத்தாகவும் இடைவெளியாகவும் மாற்றிப் பார்க்கட்டும்.

அடுத்து, ஒரு திருமண வேலை வந்தால் அதை ஓர் இசைத்தொகுப்பாகவே எண்ணலாம். அழைப்பிதழ், வரவேற்புப் பதாகை, மேடைப் பின்னணி, நன்றி அட்டை ஆகியவை நான்கு பாடல்கள். ஒவ்வொன்றும் வேறாக இருக்கலாம், ஆனால் ஒரே தொகுப்பைச் சேர்ந்தவை என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். இப்படிச் செய்து கொடுப்பவரிடம் வாடிக்கையாளர் விலை மட்டும் பேசமாட்டார்.

கடைசியாக, படம் தேட இணையத்துக்கு ஓடுவதற்கு முன் ஊரைச் சுற்றிப் பார்க்கலாம். லம்பாக் மலை இருக்கிறது. ஊருக்குப் பெயர் தந்த வௌவால் இருக்கிறது. பால்மரத்தில் உளி போட்ட சாய்கோடு, அதன் கீழே கட்டிய மங்கு, பெரட்டுக் களம், லயத்து வாசல், திருவிழாத் தப்பு எல்லாம் தாத்தா பாட்டியின் நினைவில் இன்னும் இருக்கின்றன. அவர்கள் இருக்கும்போதே கேட்டு வரைந்து வைத்துக்கொள்ள வேண்டும். செயலியிடம் கேட்டால் ஏதோ ஒரு தோட்டத்தைக் காட்டும். பாட்டி வேலை செய்த நிரையை அது காட்டாது.

காப்பிப் பொட்டலத்தில் தொலைக்காட்சியைப் போட்டவருக்கு இருந்த துணிச்சல் இன்றைய பிள்ளைகளுக்கும் வரட்டும். பிடித்த பாட்டைக் கேளுங்கள், கற்றுக்கொண்டவரின் பெயரைச் சொல்லுங்கள், செய்யும் வேலையில் உங்கள் பெயரைத் தைரியமாகப் போடுங்கள்.