கண்ணுக்கு வெளிச்சம், பவளத்துக்கு உணவு

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்க்க விரும்புகிறவர்கள், விளக்கு வாங்கும்போது வழக்கமாகக் கேட்பவை இரண்டு கேள்விகள்: எத்தனை வாட்? பார்க்கப் பளிச்சென்று இருக்குமா? இந்த இரண்டு கேள்விகளையும் வைத்துக்கொண்டு விளக்கைத் தேர்ந்தெடுத்தால் பணமும் போகும், பவளமும் போகும் என்பதே நான் இன்று சொல்ல வருவது. வாட் என்பது விளக்கு எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்ற கணக்கு. பளிச்சென்று தெரிவது நம் கண்ணின் கணக்கு. பவளத்துக்குத் தேவை வேறு. அதை அளந்து, அதற்கு ஏற்ற அளவில் மட்டும் ஒளி கொடுக்க வேண்டும்.

பவளம் ஒரு விலங்கு. ஆனால் அதன் திசுவுக்குள் ஸூசாந்தெல்லே என்னும் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளிச்சேர்க்கை செய்து உருவாக்கும் உணவில் பெரும்பங்கு பவளத்துக்கே போய்ச் சேர்கிறது. உணவு மட்டும் இல்லை. தாமஸ் கோரோ ஜமைக்காவில் கதிரியக்கக் கால்சியத்தைக் கொண்டு ஆய்வு செய்து, இருட்டைவிட வெளிச்சத்தில் பவளத்தின் சுண்ணாம்புக் கூடு பல மடங்கு வேகமாக வளர்கிறது என்று 1959இல் காட்டினார். இந்தப் பாசிகளின் நிறமிகள் பெரிதும் உறிஞ்சுவது நீல ஒளியை. கடலில் சிவப்பு ஒளி முதல் பத்து மீட்டருக்குள்ளேயே பெரும்பாலும் வடிந்துவிடுகிறது. நீலமே ஆழம்வரை இறங்குகிறது. நம் கண்ணோ இதற்கு நேர்மாறு. 555 நானோமீட்டர் பச்சை ஒளி நமக்கு எவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறதோ, அதில் ஏறக்குறைய இருபத்தைந்தில் ஒரு பங்குதான் அதே ஆற்றலுள்ள 450 நானோமீட்டர் நீல ஒளி தெரியும். லுமென், லக்ஸ் இரண்டுமே கண்ணின் இந்த உணர்திறனை வைத்து வகுத்த அலகுகள். அதனால்தான் மங்கலாகத் தெரிகிற நீல விளக்கின் கீழ் பவளம் செழிப்பதும், கண் கூசும் வெள்ளை விளக்கின் கீழ் அது வாடுவதும் நடக்கிறது. கைப்பேசியில் லக்ஸ் அளக்கும் செயலியை நம்புவதும் இதே காரணத்தால் வீண்.

பார்க்க வேண்டியது ‘பார்’ என்னும் அளவு. 400 முதல் 700 நானோமீட்டர்வரை உள்ள ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்பதே அது. காளான் பவளம், தோல் பவளம் போன்றவற்றுக்கு 50 முதல் 150 போதும். மான்கொம்புப் பவளம் போன்ற கிளைப் பவளங்களுக்கு 200 முதல் 350வரை கொடுக்கலாம். இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். வெப்பமண்டலத்தில் உச்சி வெயிலில் கடலின் மேற்பரப்பில் விழுவது 2000 மைக்ரோமோல் அளவு ஆயிற்றே, நாம் ஏன் கஞ்சத்தனம் செய்ய வேண்டும்? காரணம், ஒளிச்சேர்க்கைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. பல பவளங்களில் 200க்கும் 400க்கும் இடையிலேயே அது நிறைந்துவிடுகிறது. அதற்கு மேல் விழும் ஒளியால் வளர்ச்சி கூடுவதில்லை. மேலும், சூரியன் உச்சியில் நிற்பது சிறிது நேரம். மேகம், அலை, ஆழம் எல்லாம் அதைக் குறைக்கின்றன. தொட்டி விளக்கோ பகல் முழுக்க ஒரே அளவில் எரிகிறது. 250 அளவில் பத்து மணி நேரம் எரிந்தால் நாளொன்றுக்குச் சதுர மீட்டருக்கு 9 மோல் ஒளித்துகள்கள் கிடைக்கும். பெரும்பாலான பவளங்களுக்கு அது தாராளம்.

அளவு மிஞ்சினால் நேர்வதைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். மங்கலான ஒளியில் இருந்த பவளம், கிடைக்கும் ஒளியை வீணாக்காமல் பிடிப்பதற்காக நிறமியைக் கூட்டிக்கொண்டு கரும்பழுப்பாக இருக்கும். அதை அப்படியே கொண்டுபோய்ப் பலத்த விளக்கின் நேர்கீழே வைத்தால், அந்த நிறமியே பகையாகிறது. செலவிட முடியாத ஒளியாற்றல் திசுவுக்குள் ஆக்சிஜன் நச்சுகளை உருவாக்குகிறது. பவளம் பாசிகளை வெளியே தள்ளுகிறது. முதலில் விளக்கைப் பார்த்த மேற்புறம் வெளிறும், பிறகு திசு கண்ணாடிபோல் ஆகி உள்ளே இருக்கும் வெள்ளைக் கூடு தெரியும். நீர் சூடானால் இது இன்னும் விரைவாக நடக்கும். எனவே புதுப் பவளத்தைத் தொட்டியின் அடியில் வைத்து, மூன்று நான்கு வாரங்களில் படிப்படியாக மேலே ஏற்றுவதே சரி.

எல்.இ.டி. வந்த பிறகும் டி5 குழல்விளக்கே மேல் என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது: நீளமான குழல் நாலாபக்கமும் சீராக ஒளி பரப்பும். எல்.இ.டி. ஒரு புள்ளியிலிருந்து பாய்வதால் கிளைகளின் அடிப்புறம் நிழலில் கிடந்து திசு உதிர்கிறது. ஆனால் குழலை ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும், அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் பெரும்பாலும் இல்லை. என் முடிவு, ஒரே பெரிய எல்.இ.டி.யைவிட இரண்டு சிறியவற்றை இடைவெளி விட்டுத் தொங்கவிடுவது. நிழல் பெரும்பாலும் அதிலேயே தீர்ந்துவிடும். எந்த விளக்கானாலும் அளக்கத் தேவையான பார் மீட்டரின் விலை அதிகம் என்பதும் உண்மை. ஆனால் தினமும் அளக்க வேண்டியதில்லை. விளக்கு மாட்டிய அன்று மணல்மட்டம், பாறையின் நடு, உச்சி, நான்கு மூலைகள் என்று அளந்து குறித்துக்கொண்டால் போதும். நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கலாம். பழைய மீட்டர்களில் சில நீலத்தைக் குறைத்துக் காட்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பலத்த விளக்கைத் தவிர்க்க இந்தியாவில் இருக்கும் நேயர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பாறை அமைக்கும் கல்பவளங்கள் எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்தது என்று யாராவது உயிருள்ள கல்பவளத்தை நீட்டினால், வாங்குவது குற்றம், வாங்காதீர்கள். கல்பவளங்களை விட்டுவிட்டால் மிஞ்சுகிற காளான், தோல் வகைகள் 100 அளவிலேயே நன்றாக விரிகின்றன. அவற்றுக்காக 400 வாட் மெட்டல் ஹாலைடு விளக்கும், அது கிளப்பும் சூட்டைத் தணிக்க ஒரு சில்லரும் வாங்கத் தேவையே இல்லை. அந்தப் பணத்தில் நல்ல நீரோட்டப் பம்பும் உப்பளவு பார்க்கும் கருவியும் வாங்குங்கள்.