தன் குறையைத் தானே பாடியவன்



ஆண்டு விழா மேடையிலே ஓர் அமெரிக்கப் படத்தைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் பெரியோர் சிலர் முகஞ் சுளித்திருக்கக் கூடும். அதிலும் அது 'றப்' பாட்டுப் பாடத் துடிக்கும் ஒரு பையனின் கதை. வசைச்சொல் மலிந்த படம்; சிறுவரை அருகில் வைத்துப் பார்க்கத் தக்கதன்று. இதனை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம். எனினும் வாலிபருக்கு வேண்டிய ஓர் உண்மை அதிலே உண்டு.

கேட்டிஸ் ஹான்சன் இயக்கி 2002ஆம் ஆண்டு வெளிவந்த அப்படத்தின் பெயர் 'எயிற் மைல்'. அது டிட்றொயிற் நகரின் வடக்கு எல்லைத் தெருவின் பெயர். மோட்டார் காரால் உயர்ந்த அந்நகரம், தொழிற்சாலைகள் மூடப்பட நலிந்து போயிற்று. கதை நடப்பது 1995இல்.

ஜிம்மி என்னும் வெள்ளைக்காரப் பையன் அங்கே கார்த் தகடு அடிக்கும் தொழிற்சாலையிற் கூலிவேலை செய்கிறான். தாயும் சிறு தங்கையும் வாழும் வண்டிவீட்டிலே ஒண்டிக் கிடக்கிறான். கடதாசித் துண்டுகளிலே பாட்டு எழுதுகிறான். அந்நகரில் வறுமையை அறிந்து வளர்ந்த பாடகர் எமினெம் இவ்வேடத்தை ஏற்றார்.

பாட்டுப் போட்டியில் இருவர் எதிரெதிரே நின்று, தாளம் தப்பாமல் ஒருவரை ஒருவர் இகழ்ந்து பாட வேண்டும். காளமேகப் புலவரின் வசைகவியைக் கேட்ட நமக்கு இது முற்றிலும் புதிதன்று. சபையின் ஆரவாரமே தீர்ப்பு. முதல் நாள் ஜிம்மிக்கு நா எழவில்லை. சபை நகைக்க, வாய் திறவாமலே இறங்கிப் போகிறான்.

இறுதிப் போட்டியிலே எதிராளிக்கு இவனுடைய மானக்கேடெல்லாம் தெரியும். ஜிம்மி முந்திக்கொள்கிறான். "நான் ஏழை, வண்டிவீட்டில் தாயோடு இருப்பவன், உன் கூட்டத்திடம் அடி வாங்கியவன்" என்ற கருத்திலே தன் குறைகளைத் தானே அடுக்கிப் பாடுகிறான். பிறகு, வறியவன் போல் நடிக்கும் எதிராளி பணக்காரப் பள்ளியிற் படித்தவன் என்பதையும் சொல்லிவிடுகிறான். எதிராளிக்குச் சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. மௌனமாக நிற்கிறான்.

நண்பர்களே, நாமும் மறைத்ததுண்டு. படிக்கிற காலத்திலே கூரை ஒழுகும் நம் வீட்டைத் தோழர் காணக் கூடாதென்று எத்தனை சாக்குகள் சொன்னோம்! மறைத்த நாளெல்லாம் அஞ்சினோம். ஒரு மழைநாளில் உண்மையைச் சொன்னோம், ஒருவரும் நகைக்கவில்லை. மறைத்த குறையே பிறர் கையில் ஆயுதமாகிறது. குறையைச் சொல்வது அதனைப் பெருமையாகக் கொள்வதன்று. அதற்கு அஞ்சாமல் நிற்பது.

வென்ற அன்றிரவே ஜிம்மிக்குப் பொற்கிழி கிடைக்கவில்லை. சில மணி நேரம் தன் வேலையைத் தோழன் ஒருவனிடம் ஒப்படைத்து வந்தவன், தனியே நடந்து மீண்டும் தொழிற்சாலைக்கே போகிறான். படம் அத்துடன் முடிகிறது. வெற்றிக்குப் பின்னும் வேலை காத்திருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். நம் சங்கப் பேச்சுப் போட்டியிலே ஒரு பிள்ளை நாத் தடுமாறி நின்றால் நகையாதீர்கள். அடுத்த முறையும் அவன் மேடையேற இடங்கொடுங்கள்.