ஓட்ஸும் கேழ்வரகும்: தங்கவயல் அடுக்களைக்குச் சில குறிப்புகள்

கோலார் தங்கவயலில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இந்நாளில் இரண்டு தானியங்கள் ஒரே அலமாரியில் அடுத்தடுத்து இருக்கக் காணலாம். ஒன்று கேழ்வரகு, இந்தச் செம்மண்ணிலேயே விளைவது. மற்றொன்று ஓட்ஸ், குளிர் நாட்டுத் தானியம், பெட்டியில் அடைபட்டு வருவது. வீட்டில் எவருக்கேனும் சர்க்கரை நோயோ இரத்தத்தில் கொழுப்போ கண்டுவிட்டால், கேழ்வரகு மாவுப் பானை பின்னுக்குத் தள்ளப்படுகிறது. ஓட்ஸ் பெட்டி முன்னுக்கு வருகிறது. நோயாளி மூன்று நாள் அதைக் கஞ்சியாகக் குடிக்கிறார். நான்காம் நாள் முகம் சுளிக்கிறார். ஐந்தாம் நாள் இட்டிலிக்குத் திரும்பிவிடுகிறார். பிரித்த பெட்டி அலமாரியில் கிடந்து சிக்கு வாடை அடிக்கிறது. காசும் போயிற்று, பத்தியமும் போயிற்று.

ஓட்ஸ் சுவையற்ற தானியம் என்று சொல்வதற்கில்லை. அதைச் சமைக்கும் பக்குவம் நம் கைக்கு இன்னும் பழகவில்லை, அவ்வளவே. கேழ்வரகைக் கிளறவும் தட்டவும் தெரிந்தவர்களுக்கு அந்தப் பக்குவம் வெகு தொலைவில் இல்லை என்பதைச் சொல்லவே இன்று வந்தேன்.

தங்கவயலுக்குத் தமிழர் வந்த வரலாறு உங்களிற் பலருக்குத் தெரிந்ததுதான். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்கத் தொழிலைக் கையில் எடுத்துக்கொண்டனர். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து சுரங்கம் அறிந்தவர்கள் வந்தார்கள். வடஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து உழைக்கும் கைகள் வந்தன. நந்தி மலையில் பிறந்து, பேத்தமங்கலம் ஏரியை நிரப்பி, வேலூர் நோக்கி மணலாக ஓடுகிறதே பாலாறு, அந்த ஆற்றின் கீழ்க்கரையிலிருந்து மேல்கரைக்கு வந்தவர்கள் என்றே அவர்களிற் பலரைச் சொல்லலாம். வந்த இடத்தில் அவர்களுக்கு உணவு மாறவில்லை. அங்கேயும் களி, இங்கேயும் களி. கன்னடத்தார் அதை முத்தே என்று உருண்டையாக உருட்டி விழுங்கினார்கள். நம்மவர் நொய் போட்டுக் கிளறினார்கள். பத்தாயிரம் அடிக்குக் கீழே, பாறையே கொதிக்கும் சாம்பியன் ரீப் சுரங்கத்தில் இறங்கியவர்களைத் தாங்கியது பெரும்பாலும் இந்தக் கேழ்வரகுதான்.

சுரங்கங்கள் 1956-இல் மைசூர் அரசின் உடைமையாயின. 1962-இல் மத்திய அரசின் கைக்கு மாறின. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. இப்பொழுது மாரிகுப்பத்திலும் உரிகத்திலும் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புவோர் ஆயிரக்கணக்கானோர். அவர்களுக்கு விடியற்காலையில் கட்டித் தரும் சிற்றுண்டி ஒரு பக்கம்; வீட்டில் இருக்கும் முதியோருக்குப் பத்தியச் சாப்பாடு ஒரு பக்கம். இரண்டையும் ஒரே அடுப்பில், சுருங்கிய வருமானத்தில் நடத்த வேண்டியவர்கள் இல்லத்துப் பெண்மணிகள். ஆகவே இது வெறும் நாக்கு ருசியைப் பற்றிய பேச்சன்று.

முதலில் தானியத்தின் குணத்தை அறிந்துகொள்ளுவோம். ஓட்ஸின் உமியை நீக்கி, ஆவியில் வேகவைத்து, உருளைகளுக்கிடையே நசுக்கித் தட்டையாக்குகிறார்கள். நம் அவலைப் போலத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆவியில் வைப்பது எதற்கென்றால், மற்றத் தானியங்களைவிட ஓட்ஸில் கொழுப்பு மிகுதி; பச்சையாக நசுக்கினால் விரைவில் கெட்டுவிடும். அதில் நீரில் கரையும் ஒருவகை நார் இருக்கிறது. பீட்டா குளுக்கான் என்று அதற்குப் பெயர். இரத்தக் கொழுப்பைக் குறைக்க உதவுவது இதுவே. நாளொன்றுக்கு இந்த நார் 3 கிராம் உடலில் சேர்ந்தால் பயனுண்டு என்பதை 1997-இல் அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகம் ஏற்றுக்கொண்டது. அதற்குச் சுமார் 60 முதல் 75 கிராம் ஓட்ஸ் வேண்டும். ஆனால் கஞ்சியைப் பசைபோல ஆக்கி முகம் சுளிக்க வைப்பதும் இதே நார்தான்! மருந்தும் அதுவே, தொல்லையும் அதுவே.

கேழ்வரகின் சிறப்பு வேறு. 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. ஓட்ஸில் அதில் ஆறில் ஒரு பங்குகூடத் தேறுவது அரிது. புரதத்திலோ ஓட்ஸ் முந்திக்கொள்கிறது. அதில் சுமார் 13 கிராம் என்றால் கேழ்வரகில் 7 கிராம். ஒன்றில் குறைவானது மற்றொன்றில் நிறைவாக இருக்கிறது. ஒன்றை விரட்டிவிட்டு மற்றொன்றை வைத்துக்கொள்வது கெட்டிக்காரத்தனமாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டையும் ஒரே பாத்திரத்தில் சேர்க்கும் வழிகளைப் பார்ப்போம்.

களியிலிருந்து தொடங்குவோம். நொய்யரிசிக்குப் பதிலாக ஓட்ஸைப் போடுங்கள். நான்கரை டம்ளர் நீரில் உப்பிட்டுக் கொதி வந்ததும் அரை டம்ளர் ஓட்ஸைச் சொரிந்து, அது குழைந்து மலரும்வரை வேகவிடுங்கள். பிறகு இரண்டு டம்ளர் கேழ்வரகு மாவை நடுவில் குவியலாகக் கொட்டி, கிளறாமல், துடுப்பின் காம்பால் நடுவே ஒரு துளை மட்டும் செய்து, தீயைத் தணித்து ஐந்தாறு நிமிடம் விட்டுவிட வேண்டும். மாவு ஆவியில் வெந்த பின்பே துடுப்பைச் சுழற்ற வேண்டும். அவசரப்பட்டால் கட்டி தட்டும்; இது உங்களுக்கு நான் சொல்ல வேண்டிய பாடமன்று. ஓட்ஸின் பசை இந்தக் களியில் நன்மையே செய்கிறது. ஆறினாலும் களி விண்டுபோகாமல் மெத்தென்று இருக்கும். ஆகையால் மதியத்துக்குக் கட்டிக் கொடுக்கவும் ஏற்றது. தொட்டுக்கொள்ள மார்கழி, தை மாதங்களில் பிதுக்கம்பருப்புக் குழம்பு இருந்தால் அதற்கு மேல் வேறொன்று கேட்க வேண்டியதில்லை. அவரைக்காய்ப் பருவம் போய்விட்டால் கொள்ளு இரசமோ கீரை மசியலோ போதும்.

அடுத்தது ரொட்டி. கேழ்வரகு ரொட்டியைத் தட்டும்போது ஓரம் வெடிப்பதும், கல்லில் போடும்போது உடைவதும் தெரிந்த தொல்லை. கோதுமையில் உள்ள இழுவைச் சத்து கேழ்வரகில் கிடையாது. மூன்று பங்கு கேழ்வரகு மாவுக்கு ஒரு பங்கு ஓட்ஸை மிக்ஸியில் பொடித்துச் சேர்த்து, முருங்கைக் கீரை, சிறு வெங்காயம், பச்சை மிளகாய், சீரகம் கலந்து, வெந்நீர் தெளித்துப் பிசைந்து, கால்மணி நேரம் மூடி வையுங்கள். அந்நேரத்தில் ஓட்ஸ் நீரை உறிஞ்சி மாவைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். பின்னர் வாழையிலையிலோ ஈரத் துணியிலோ தட்டினால் ஓரம் வெடிக்காது. விடியற்காலை ரயிலுக்குப் போகிறவர் கையில் சுருட்டிக் கொடுக்கலாம், மாலைவரை விறைக்காது.

தோசைக்கு ஒரு பங்கு உளுந்தை அரைத்து, மூன்று பங்கு கேழ்வரகு மாவுடன் கரைத்து இரவு முழுவதும் புளிக்கவிடுங்கள். ஓட்ஸை அப்பொழுதே சேர்த்துவிடக் கூடாது. புளித்த மாவு வழவழத்துப் போகும். காலையில் வார்ப்பதற்கு அரைமணி முன்பாக ஒரு பங்கு ஓட்ஸ் பொடியைக் கலந்தால் போதும்.

உப்புமா செய்வோர் செய்யும் பிழை, ரவைக்கு ஊற்றுவதுபோல ஓட்ஸுக்கும் நீரை ஊற்றிவிடுவது. ஓட்ஸை முதலில் வெறும் வாணலியில் மணம் வரும்வரை வறுத்து எடுத்துவைக்க வேண்டும். தாளித்து, காய்களை வதக்கி வேகவைத்த பின், வறுத்த ஓட்ஸைக் கொட்டி, ஒரு டம்ளர் ஓட்ஸுக்கு அரை டம்ளர் நீரைக் கையால் தெளித்துத் தெளித்துப் புரட்டினால் உதிரி உதிரியாக வரும். எலுமிச்சம்பழம் பிழிந்தால் எவரும் ஓட்ஸ் என்று கண்டுகொள்ள மாட்டார்கள்.

இனிக் கஞ்சி. பல் இல்லாத முதியவருக்கும், காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கும் கஞ்சிதான் வேண்டும். அது பசையாக இருந்தால் தொண்டையில் இறங்காது. இதற்கு நம் பாட்டிமார் கையிலேயே மருந்து இருக்கிறது. கேழ்வரகை ஊறவைத்து, துணியில் முடிந்து முளைகட்டி, நிழலில் உலர்த்தி, முளையை உதிர்த்து அரைத்த மாவு வீட்டில் இருக்குமானால், ஓட்ஸ் கஞ்சியை அடுப்பிலிருந்து இறக்கி, கொதி நன்றாக அடங்கியபின் அந்த மாவில் ஒரு தேக்கரண்டி எடுத்து நீரில் கரைத்து ஊற்றிக் கலக்குங்கள். சில நிமிடங்களில் கெட்டிக் கஞ்சி நெகிழ்ந்து நீர்த்துவரக் காணலாம். முளைத்த தானியத்தில் மாப்பொருளைக் கரைக்கும் நொதி ஒன்று உண்டாவதே காரணம். கொதிக்கும் கஞ்சியில் போட்டால் நொதி அழிந்துவிடும். மாவை முன்னமே சிவக்க வறுத்துவிட்டாலும் அழிந்துவிடும். நெகிழ்ந்த பிறகு மறுபடி ஒரு கொதி விட்டு, மோரும் உப்பும் சேர்த்துக் கொடுக்கலாம். நீரை ஊற்றி நீர்க்கவைத்த கஞ்சியில் சத்தும் நீர்த்துப்போகும். இம்முறையில் நீர் கூட்டாமலே கஞ்சி இளகுகிறது. இந்த ஒரு செய்தியை மட்டும் நீங்கள் நினைவில் வைத்துக்கொண்டாலும் எனக்கு மகிழ்ச்சி.

சுடுவகைக்கு வருவோம். முதல் உலகப் போர்க் காலத்தோடு இணைத்துப் பேசப்படும் ஆன்சாக் பிஸ்கோத்து என்று ஒன்று ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் உண்டு. முட்டையில்லாமல், ஓட்ஸையும் சர்க்கரைப் பாகையும் வைத்துச் செய்வதால் நெடுநாள் கெடாது. அந்தப் பாகுக்குப் பதில் நம் வெல்லப்பாகு அதற்கு இன்னும் பொருத்தம். 100 கிராம் ஓட்ஸ், 100 கிராம் கேழ்வரகு மாவு இரண்டையும் தனித்தனியே இலேசாக வறுத்துக் கலந்துகொள்ளுங்கள். 100 கிராம் வெல்லத்தை இரண்டு கரண்டி நீரில் கரைத்து வடிகட்டி, 100 கிராம் வெண்ணெயுடன் சூடாக்கி, அரைத் தேக்கரண்டி சமையல் சோடாவைச் சேர்த்தால் நுரைத்து எழும். உடனே மாவில் ஊற்றிப் பிசைந்து, ஏலப்பொடி தூவி, எலுமிச்சையளவு உருட்டித் தட்டி, 160 முதல் 170 டிகிரிச் சூட்டில் கால்மணிக்குச் சற்று மேல் வைத்தெடுங்கள். சூடாக இருக்கும்போது மெத்தென்று இருக்கும். வேகவில்லை என்று மறுபடி உள்ளே தள்ள வேண்டாம். ஆறினால் மொறுமொறுப்பு வந்துவிடும்.

அடுப்புப் பெட்டி இல்லாத வீட்டில், கனத்த பாத்திரத்தில் இரண்டு அங்குல உயரம் மணலோ கல்லுப்போ பரப்பி, மூடி பத்து நிமிடம் காயவைத்து, அதன்மேல் தட்டை வைத்து இருபது இருபத்தைந்து நிமிடம் சுடலாம். கிறிஸ்துமஸ் வாரத்தில் கேக்கு மாவைப் பேக்கரிக்குக் கொடுத்துச் சுட்டு வாங்கும் வழக்கம் தென்னாட்டில் பல ஊர்களில் உண்டு. மாவு அதிகமானால் அவ்வழியும் இருக்கிறது. வீட்டில் ரொட்டி சுடுவோர் மைதாவிலோ கோதுமையிலோ ஐந்தில் ஒரு பங்குக்கு ஓட்ஸைச் சேர்த்தால் ரொட்டி மறுநாளும் ஈரப்பதத்தோடு இருக்கும். அதற்கு மேல் சேர்த்தால் ரொட்டி எழும்பாது.

ஒரு எச்சரிக்கை. கடையில் தேனும் பழமும் மசாலாவும் கலந்த ஓட்ஸ் பொட்டலங்கள் விற்கின்றன. அவற்றுள் பலவற்றில் சர்க்கரையோ உப்போ மிகுதி, விலையும் மிகுதி. இரண்டு நிமிடத்தில் வேகும் மெல்லிய ஓட்ஸ், தடித்த ஓட்ஸைவிட விரைவாக இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். சர்க்கரை நோயாளிக்கு வாங்குவோர் தடித்ததையே கேட்டு வாங்க வேண்டும். கேழ்வரகுக்கும் இந்த விதி உண்டு: நைய அரைத்த மாவில் காய்ச்சி வெல்லம் போட்ட கஞ்சி, கேழ்வரகு என்ற பெயரால் மட்டும் பத்தியமாகிவிடாது. மேலே சொன்ன பிஸ்கோத்தும் பிள்ளைகளுக்குத்தான். ஐயாவுக்கு ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கன்னடத்தில் 16-ஆம் நூற்றாண்டில் கனகதாசர் இயற்றிய ராமதான்ய சரித்ரே என்னும் நூல் நெல்லுக்கும் கேழ்வரகுக்கும் நேர்ந்த வழக்கைப் பாடுகிறது. இராமன் இரண்டையும் ஆறு மாதம் அடைத்து வைக்கிறான். நெல் வாடிப்போகிறது, கேழ்வரகு கெடாமல் இருக்கிறது, வெற்றியும் பெறுகிறது. கதையை விட்டுவிட்டாலும், அந்தக் குணம் உண்மையே. கேழ்வரகைத் தானியமாக உலர வைத்தால் ஆண்டுக்கணக்கில் பூச்சி அண்டாது. ஆகவே அறுவடை முடிந்து விலை தணியும் தை மாதத்தில் அதை மொத்தமாக வாங்கி, மாதத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொள்ளலாம். ஓட்ஸுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அரைக்கிலோவுக்கு மேல் வாங்க வேண்டாம்; பிரித்ததும் காற்றுப் புகாத டப்பாவில் கொட்டி, அடுப்புக்கு எட்ட வையுங்கள். எடுக்கும்போதெல்லாம் ஒருமுறை முகர்ந்து பாருங்கள். பழைய எண்ணெயின் வாடை வந்தால் கழித்துவிடுங்கள். எவ்வளவு வறுத்தாலும் அது போகாது.