பாட்டில் நின்ற தலைநகர்



பத்தாண்டு நிறைவு காணும் இவ்விழாவில், நாம் கூடியிருக்கும் செஞ்சியைப் பற்றியே பேச விழைகிறேன். ஐரோப்பியர் இக்கோட்டையைக் 'கிழக்கின் டிராய்' என்றனர். மத்தியதரைக் கடலின் கிளையான ஏஜியன் கடலை அடுத்திருந்த அந்த மாநகர், பத்தாண்டு முற்றுகைக்குப் பின் வீழ்ந்தது என்பது கிரேக்கர் கதை. நகரம் மண்மேடான பின்னும் ஹோமரின் காவியம் அதனை வாழவைத்தது.

செஞ்சியும் அத்தகைய முற்றுகையைக் கண்டதே. இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் ஒரே மதிலால் வளைத்துக் கட்டிய ஊர் இது. நாயக்கர் தலைநகராய்த் தழைத்து, பிஜப்பூர் வசமாகி, 1677இல் சிவாஜியின் கைக்கு வந்தது. அவர் மகன் இராஜாராம் இதனையே மராட்டியத் தலைநகராக்கினார். 1690இல் வளைத்த மொகலாயப் படை, 1698இல்தான் உள்ளே நுழைய முடிந்தது.

எட்டாண்டு நீண்ட அப்போரை நம் மக்கள் பாடினார்களா? இல்லை. 1714இல் ஆர்க்காட்டு நவாபின் பெரும்படையைச் சிறுபடையோடு எதிர்த்து மாண்ட தேசிங்கையே பாடினார்கள். அவன் ஓராண்டுகூட முழுமையாக ஆளவில்லை. தமிழனும் அல்லன், பந்தேல இராஜபுத்திரன். ஆயினும் அவன் குதிரையும், மணக்கோலத்தைத் துறந்து வந்து அவனுக்காக உயிர்நீத்த இசுலாமிய நண்பனும் கதைப்பாட்டில் இன்றும் நம்மோடு இருக்கின்றனர். மதிலைக் காத்த மன்னரினும் நட்பைக் காத்த நெஞ்சமே பெரிதென்பது நாட்டுப் பாடகன் அளித்த தீர்ப்பு. அத்தீர்ப்பை நான் தலைவணங்கி ஏற்கிறேன்.

ஆயினும் ஒரு குறை என்னை உறுத்துகிறது. பாறை இடுக்கில் சுனை கண்டவர், குன்றின் உச்சிவரை கல் சுமந்தவர், களஞ்சியத்தில் நெல் நிறைத்தவர் ஆகியோரை எந்தப் பாட்டும் நினைக்கவில்லை. நீரும் நெல்லும் இன்றி எட்டாண்டு முற்றுகையை எக்கோட்டை தாங்கும்? வேங்கடரமணர் கோயிலின் தூண்கள் புதுச்சேரிக் கடற்கரைக்குச் சென்றுவிட்டன; இன்று காந்தி சிலையைச் சூழ்ந்து நிற்கின்றன. அவற்றைச் செதுக்கிய உளிக்குரியவன் பெயர் அங்கும் இல்லை, இங்கும் இல்லை.

2025இல் மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ ஏற்றபோது, தமிழகத்திலிருந்து இடம்பெற்றது செஞ்சி ஒன்றே. கல்லைக் காக்க இனிச் சட்டம் உண்டு. கல் சுமந்த தோளைக் காக்கச் சட்டத்தால் இயலாது, பாட்டால் இயலும். நண்பனுக்காக மாண்டவனைப் பெயரறியாப் பாடகன் நமக்குத் தந்தான். நீர் தேக்கியவனையும் கல் செதுக்கியவனையும் வருங்காலத்துக்குத் தர வேண்டியவர்கள் நாம். அடுத்த பத்தாண்டில் இவ்வட்டத்திலிருந்து அப்படியொரு பாட்டு எழுமாயின், செஞ்சி தன் கடனைத் தீர்த்துக்கொண்டதாகும்.