ஆற்றிடைத் தீவில் ஒரு நாள்

(ஊராட்சி உறுப்பினர்கள், விவசாயிகள் ஆகியோருக்கான பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



வட்டார வளர்ச்சி அலுவலர் பேச எழுந்தால் திட்டங்களையும் ஒதுக்கீடுகளையும் பற்றித்தான் பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பே. இன்று அவற்றைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, கடல் கடந்த ஒரு சிற்றூரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். விடுமுறையில் சொந்தச் செலவில் தாய்லாந்து சென்றிருந்தபோது, அங்கு ஒரு நாளை நான் கழித்தேன். அந்த நாளுக்கு ஆன செலவு மிகக் குறைவு. ஆனால் அச்சிறு தொகை எத்தனை கைகளுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை எண்ணிப் பார்த்தபோது, ஊராட்சிப் பணியில் இருக்கும் நம் அனைவருக்கும் பயன்படும் பாடம் அதில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றியது.

அவ்வூரின் பெயர் கோ கிரெட். கோ என்ற தாய் மொழிச் சொல்லுக்குத் தீவு என்பது பொருள். பாங்காக் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், நொந்தபுரி மாகாணத்தில், சாவோ பிரயா ஆற்றின் நடுவே அது அமைந்திருக்கிறது. ஆற்றிடைக்குறை என்று நம் முன்னோர் வழங்கிய சொல்லுக்கு நல்ல எடுத்துக்காட்டு அது. ஆயினும் இயற்கை உண்டாக்கிய தீவு அன்று. ஆறு அவ்விடத்தில் பெரிய வளைவாகச் சுற்றிச் சென்றமையால் படகுகள் வீணே நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருந்தது. எனவே அயுத்தயாவை ஆண்ட தாய் சா மன்னர் காலத்தில், 1722ஆம் ஆண்டில், வளைவின் கழுத்துப் பகுதியை வெட்டிக் குறுக்குக் கால்வாய் அமைத்தார்கள். நாளடைவில் கால்வாய் அகன்றது. ஆற்று நீர் அவ்வழியே பெருகி ஓடலாயிற்று. வளைவுக்குள் இருந்த நிலம் தீவாயிற்று. படகுப் போக்குவரத்துக்காக வெட்டிய வாய்க்கால் ஓர் ஊரின் எல்லையையே வகுத்துவிட்டது.

அத்தீவில் மிகுதியாக வாழ்பவர்கள் மோன் இனத்தவரின் வழித்தோன்றல்கள். மோன் மக்கள் கீழை நாடுகளின் பழங்குடிகளுள் ஒருவர். இன்றைய பர்மாவின் தென்பகுதியிலும் தாய்லாந்தின் நடுப்பகுதியிலும் அவர்கள் பண்டைக்காலத்தில் அரசுகள் அமைத்து வாழ்ந்தவர்கள். பௌத்த சமயத்தை அப்பகுதிகளில் வேரூன்றச் செய்தவர்கள். அவர்களுடைய எழுத்து, காஞ்சியிலிருந்து ஆண்ட பல்லவர் காலத்து எழுத்திலிருந்து வளர்ந்தது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. அவ்வெழுத்திலிருந்தே பிற்காலத்தில் பர்மிய எழுத்தும் உருவாயிற்று.

1757ஆம் ஆண்டில் பெகு நகரம் பர்மிய மன்னர் அலௌங்பயாவிடம் வீழ்ந்தது. அதன் பின்னர் மோன் மக்கள் கூட்டம் கூட்டமாகச் சயாம் நாட்டில் அடைக்கலம் புகுந்தனர். தக்சின் மன்னர் காலத்திலும், பின்னர் இரண்டாம் இராமா மன்னர் காலத்தில் 1815ஆம் ஆண்டிலும் வந்தவர்களுக்கு ஆற்றங்கரையில் நிலம் அளித்துக் குடியமர்த்தினார்கள். அவ்வாறு குடியேறிய இடங்களுள் கோ கிரெட்டும் ஒன்று. நாட்டை இழந்து வந்தவர்கள் தம்முடன் கொண்டு வந்த செல்வம் யாது? சமயமும், மொழியும், மட்பாண்டம் வனையும் கைத்திறனுமே. அக்கைத்திறனே இன்றளவும் அவ்வூருக்குப் பெயர் தேடித் தருகிறது.

இனி, அங்குச் செல்லும் வழியைச் சொல்கிறேன். பாங்காக்கிலிருந்து நகரப் பேருந்தில் பாக் கிரெட் என்னும் எதிர்க்கரை ஊருக்குச் செல்லலாம். 2024ஆம் ஆண்டு முதல் முழு அளவில் இயங்கும் இளஞ்சிவப்புத் தடத் தொடர்வண்டியும் பாக் கிரெட் வழியாகச் செல்கிறது. அங்கிருந்து வாட் சனாம் நுவா என்ற கோயிலின் படித்துறையை அடைந்தால், சில பாட் நாணயங்களுக்கு ஓடம் அக்கரை சேர்க்கிறது. பாட் என்பது அந்நாட்டு நாணயம். தீவில் கால் வைப்பதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. நடக்க இயலாதவர் மிதிவண்டியை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். சிக்கனமாகச் செலவிடுபவருக்குப் போக்குவரத்து, ஓடம், மிதிவண்டி, பகலுணவு, சிற்றுண்டி ஆகிய அனைத்தும் சேர்ந்து 300 பாட்டுக்குள் அடங்கிவிடும். சந்தையின் முழு ஆரவாரத்தையும் காண விரும்புவோர் சனி, ஞாயிறு அல்லது அரசு விடுமுறை நாளில் செல்ல வேண்டும். கூட்டத்தை விரும்பாதோர் காலையிலேயே சென்றுவிடுவது நலம்.

ஓடத்திலிருந்தே முதலில் கண்ணில் படுவது ஆற்று முனையில் சாய்ந்து நிற்கும் வெண்ணிறத் தாதுகோபுரம். பெகு நகரத்துப் பெருங்கோபுரத்தின் மோன் பெயரையே தாங்கி, முதாவ் என்று அது வழங்கப்படுகிறது. இழந்த நாட்டின் கோயிலை நினைவில் வைத்து எழுப்பிய சிறு வடிவம் அது. ஆற்றங்கரை அரிப்பினால் ஒருபுறம் சாய்ந்துவிட்ட அதனை இடித்து நேராகக் கட்டாமல், சாய்ந்த நிலையிலேயே தாங்கி நிறுத்திக் காத்து வருகிறார்கள். இன்று தீவின் அடையாளமே அந்தச் சாய்ந்த கோபுரம்தான். அதனை அடுத்து வாட் போரமை யிகாவாட் என்ற கோயில் இருக்கிறது. ஐந்தாம் இராமா என்னும் சுலாலங்கோர்ன் மன்னர், தம்மை வளர்த்த பாட்டியார் நினைவாக அக்கோயிலைப் புதுப்பித்தார்.

கோயிலிலிருந்து தொடங்கும் பாதைதான் நான் உங்களுக்குச் சிறப்பாகச் சொல்ல விரும்பும் செய்தி. தீவில் மோட்டார் கார்கள் ஓடுவதில்லை. வீடுகளையும் தோட்டங்களையும் ஒட்டி ஒரு குறுகலான கான்கிரீட் நடைபாதை தீவைச் சுற்றி வருகிறது. பல இடங்களில் வெள்ளத்திற்குத் தப்புமாறு தூண்கள் மீது உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். முழுவதும் சுற்றினால் 5 அல்லது 6 கிலோமீட்டர் இருக்கும். வருகின்றவர் எவராயினும், செல்வராயினும் எளியவராயினும், அப்பாதையில் பெரும்பாலும் நடந்தோ மிதிவண்டியிலோதான் செல்கிறார். ஆகவே ஒவ்வொரு வீட்டின் வாயிலும் ஒரு கடை வாயிலாகிறது. ஒரு வீட்டில் பூக்களை மாவில் தோய்த்துப் பொரித்து விற்கிறார்கள். மற்றொரு வீட்டில் நோ கலா என்ற இஞ்சி இனச் செடியின் தண்டை மீன் வடையில் சேர்த்துச் சுடுகிறார்கள். இன்னொரு வீட்டில் மூலிகைப் பானத்தைச் சிறிய மண் கலயத்தில் ஊற்றித் தருகிறார்கள்; பானத்தைக் குடித்தபின் கலயத்தை நாம் எடுத்துச் செல்லலாம். கலயம் செய்தவருக்கும் அதில் பங்கு உண்டு.

காவோ சே என்ற மோன் உணவையும் குறிப்பிட வேண்டும். மல்லிகை மணம் ஊட்டிய குளிர்ந்த நீரில் சோற்றை இட்டு, வறுத்த தொடுகறிகளுடன் உண்கிறார்கள். ஏப்ரல் மாதத்துக் கோடையில், நம் சித்திரைப் பிறப்பை ஒட்டி வரும் அவர்களுடைய புத்தாண்டிற்கு உரிய உணவு அது. நீராகாரத்தின் அருமை அறிந்த நமக்கு அதன் பயனை விளக்க வேண்டியதில்லை.

மட்பாண்டத் தொழிலைக் காண குவான் அமான் என்ற பகுதிக்குச் செல்ல வேண்டும். மோன் மொழியில் அதற்குக் குயவர் ஊர் என்பது பொருள். மெருகுப் பூச்சு இல்லாத செம்மண் நிறக் கலங்களே அவ்வூரின் சிறப்பு. சக்கரத்தில் வனைந்த பச்சைக் கலம் பாதி உலர்ந்த பதத்தில் இருக்கும்போது, சிறு கருவிகளால் பூவும் கொடியுமாகச் செதுக்கிப் பின்னரே சூளையில் இடுகிறார்கள். ஆமை முதுகு போல் வளைந்த பழைய செங்கற் சூளைகளையும் அங்குக் காணலாம். மூடியும் தாங்கியும் கொண்ட செதுக்கு வேலைத் தண்ணீர்க் குடம் மிகப் புகழ் பெற்றது. நொந்தபுரி மாகாணத்தின் அரசு இலச்சினையிலேயே ஒரு மட்கலம் இடம் பெற்றிருக்கிறது. குயவரின் கைவேலைக்கு ஒரு மாகாணம் இதனினும் பெரிய மரியாதை செய்ய இயலுமா?

விவசாயிகள் கேட்க வேண்டிய செய்தியும் உண்டு. நொந்தபுரி நல்ல டுரியன் பழங்களுக்குப் பெயர் பெற்ற மாகாணம். நீண்ட காம்பு உடைய ஒரு வகைப் பழம், ஒன்றே பல ஆயிரம் பாட் விலை பெறுவதுண்டு. வாய்க்கால் வெட்டி, அம்மண்ணை மேட்டுப் பாத்திகளாக உயர்த்தி, அவற்றின் மேல் மரங்களை வளர்க்கிறார்கள். ஆனால் டுரியன் வேரில் நீர் தேங்கினால் மரம் பட்டுப்போகும். 2011ஆம் ஆண்டு சாவோ பிரயா பெருவெள்ளத்தில் அம்மாகாணத்துத் தோட்டங்கள் பெரும் அழிவுக்கு உள்ளாயின. தீவும் நீரில் மூழ்கியது. சூளைகளும் பட்டறைகளும் சேதமுற்றன. புதிய மரம் பலன் தரப் பல ஆண்டுகள் ஆகும். சிற்றுண்டி விற்பவரோ, நீர் வடிந்தபின் சேற்றை அள்ளிவிட்டு விரைவில் மீண்டும் கடை விரிக்கலாம். ஒரே வருவாயை நம்பியிருக்கும் ஊருக்கும், பல வருவாய்களைக் கொண்ட ஊருக்கும் உள்ள வேறுபாடு இத்தகைய காலத்தில்தான் புலப்படும்.

நான் கண்ட அனைத்தும் மகிழ்ச்சிக்கு உரியன என்று சொல்லிவிட்டால் அது முழு உண்மை ஆகாது. முற்காலத்தில் தீவின் களிமண்ணையே தோண்டிப் பாண்டம் வனைந்தார்கள். இப்போது களிமண் வெளியிலிருந்து வாங்கி வரப்படுகிறது. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் வந்தபின் தண்ணீர்க் குடத்தின் தேவை குறைந்துவிட்டது. ஆகவே குயவர்கள் பூந்தொட்டி, விளக்கு, நினைவுப் பொருள் என்று சிறியவற்றைச் செய்து வாழ வேண்டியிருக்கிறது. முதியோர் பேசும் மோன் மொழியை இளைஞர் பெரும்பாலும் பேசுவதில்லை. பாங்காக் அருகில் இருப்பதால் தொழிற்சாலை வேலையும் அலுவலக வேலையும் அவர்களை அழைக்கின்றன. சந்தை நாளில் நெருக்கியடிக்கும் கூட்டத்தில் பலர் தின்பண்டத்தை வாங்கி உண்டு, படம் பிடித்துக்கொண்டு, ஒரு கலத்தையும் வாங்காமலே ஓடம் ஏறுகிறார்கள்.

இங்கேதான் நாம் ஊன்றிச் சிந்திக்க வேண்டும். விருந்தினர் அத்தீவை நாடி வருவதற்குக் காரணம் அங்குச் சக்கரம் சுழல்வதும் சூளை எரிவதும்தான். சக்கரம் நின்றுவிட்டால், எஞ்சுவது எவ்வூரிலும் காணக்கூடிய ஒரு தின்பண்டச் சந்தையே. தின்பண்டம் பட்டணத்திலும் கிடைக்கும். அதற்காக ஓடம் ஏறி எவரும் வரமாட்டார். ஆதலின் வடை சுடும் வீட்டின் பிழைப்பும், வனைகின்ற வீட்டின் பிழைப்பும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை. தொழிலை விட்டுவிட்டுச் சந்தையை மட்டும் வளர்க்கும் ஊர், விதை நெல்லைக் குற்றிச் சோறாக்கி உண்ணும் குடும்பத்தைப் போன்றது.

அந்நாட்டிலும் நம்முடைய ஊராட்சியைப் போன்ற தாம்பொன் நிர்வாக அமைப்புகள் உள்ளன. அவற்றுக்கான சட்டம் 1994ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. நம் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் அதே ஆண்டில் வந்ததே. 2001ஆம் ஆண்டு முதல் தாம்பொன் ஒன்றுக்கு ஒரு பொருள் என்ற திட்டத்தைத் தாய்லாந்து அரசு நடத்தி வருகிறது. ஜப்பானின் ஒய்டா மாநிலத்தில் ஆளுநர் ஹிராமட்சு 1979ஆம் ஆண்டில் தொடங்கிய இயக்கமே அதற்கு முன்மாதிரி. கோ கிரெட்டின் மட்பாண்டம் அத்திட்டத்தில் பெயர் பெற்ற பொருள்களுள் ஒன்று. அரசு முத்திரை இட்டு விளம்பரம் செய்யலாம். ஆனால் கலம் வனையும் கை ஊரில்தான் இருக்க வேண்டும்.

இவற்றிலிருந்து நம் ஊராட்சிகள் மனத்தில் கொள்ள வேண்டியவை மூன்று என்பது எனது தாழ்மையான எண்ணம்.

முதலாவது, விருந்தினரை வரவேற்கப் பெரிய கட்டடமும் வளைவும் தேவையில்லை. ஒரு நல்ல நடைபாதை, தூய குடிநீர், கழிப்பிடம், நிழல், குப்பை அகற்றும் ஒழுங்கு ஆகியவை போதும். இவை அனைத்தும் ஊராட்சியின் கடமைகளே; விருந்தினர் வாராவிடினும் ஊராருக்குப் பயன்படும்.

இரண்டாவது, பாதையை எங்கே அமைக்கிறோம் என்பதைப் பொறுத்தே பணம் எங்கே செல்கிறது என்பதும் அமையும். வண்டி நேரே ஒரே கடையின் வாயிலில் வந்து நின்றால் ஒருவரே பயனடைவார். நடைபாதை நூறு வாயில்களைக் கடந்து சென்றால் நூறு குடும்பங்கள் பயனடையும். செலவு குறைவாகச் செய்யும் எளிய பயணியை ஏளனமாக எண்ண வேண்டாம். அவர் பத்தும் இருபதுமாகக் கொடுப்பது ஊரின் உள்ளேயே தங்குகிறது.

மூன்றாவது, உங்கள் ஊரில் எஞ்சியிருக்கும் தொழில் எது, அதை அறிந்த முதியவர் எத்தனை பேர், அவர்களிடம் கற்றுக்கொள்ளும் இளைஞர் எத்தனை பேர் என்று கிராம சபையில் ஒரு கணக்கு எடுங்கள். கற்பிக்கும் முதியவர் இருக்கும்போதே அக்கணக்கை எடுக்க வேண்டும். கற்பவருக்கு வருவாய் கிடைக்குமாறு சந்தை நாளில் முதல் இடத்தைத் தொழிலாளிக்கு ஒதுக்குங்கள். தின்பண்டக் கடை அதன் அருகில் தானே வளரும்.

நாட்டை இழந்து ஓடத்தில் வந்த மக்கள், கைத்திறன் ஒன்றை இழவாமல் காத்ததனால் ஓர் ஊரை நிலைநிறுத்தினார்கள். நாடும் நிலமும் உடைய நமக்கு அது அரிய செயல் ஆகாது.