தேனிலவில் எழுதிய கட்டுரை

பொருள் தேடிப் பிரிதல் நம் பழைய இலக்கியத்தில் ஒரு துறை. தலைவன் வினைமேற் செல்வான். தலைவி சுவரிலே கோடிட்டு நாளை எண்ணியபடி வழிமேல் விழி வைத்திருப்பாள். கடல் கடந்து செல்லுங்கால் மகளிரை உடன் அழைத்துச் செல்வது வழக்கமில்லை என்ற கருத்துடைய நூற்பா ஒன்றும் தொல்காப்பியத்தில் உண்டு. தொழில் ஒரு பக்கம், இல்லறம் ஒரு பக்கம். ஒன்று நடக்கும்போது மற்றொன்று காத்திருக்க வேண்டும் என்பதே பண்டை வாழ்வின் ஒழுங்காக இருந்தது.

இன்று அந்நிலை மாறிவிட்டது. அலுவலின் பொருட்டு அயல்நாடு செல்பவர், கணவரேயாயினும் மனைவியேயாயினும், தம் துணையையும் உடன் அழைத்துச் செல்வதைக் காண்கிறோம். புதிதாக மணம் புரிந்தோர் இத்தகைய வாய்ப்பைப் பெரிதும் விரும்புகின்றனர். மடியில் ஒரு மகவு வந்த பிறகு நினைத்தபோது புறப்பட இயலுமா என்பது அவர்கள் எண்ணம். அவ்வெண்ணம் நியாயமானதே. ஆயினும் இதில் ஓர் இடர் மறைந்திருக்கிறது. ஒருவர் காலை முதல் மாலை வரை வேலையில் ஆழ்ந்திருக்க, மற்றவர் விடுதியின் சாளரத்தருகே அமர்ந்து அவர் வரவை எதிர்நோக்கியிருந்தால், பழைய தலைவியின் காத்திருப்பு ஊர் மாறியதே அன்றி ஒழிந்ததாகாது. அப்படியாயின், ஒருவருக்காக ஏற்பட்ட பயணம் இருவருடைய பயணமாவது எங்ஙனம்? இதற்கு டென்மார்க் நாட்டு இளந்தம்பதிகள் இருவர் 1912-ஆம் ஆண்டிலே தம் வாழ்க்கையாலேயே ஒரு விடை தந்திருக்கின்றனர். அதனை மாணவர்களாகிய உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அவ்விளைஞரின் பெயர் நீல்ஸ் போர். நம் மொழியில் அச்சொல்லுக்குள்ள பொருளுக்கும் அம்மனிதரின் இயல்புக்கும் எள்ளளவும் பொருத்தமில்லை. மென்மையே உருவானவர். குழப்பம் நேராதிருக்க அவரை நீல்ஸ் என்றே அழைப்போம். 1885-இல் கோபன்ஹேகன் நகரில் பிறந்தவர். தந்தை கிறிஸ்டியன் உடலியல் பேராசிரியர். 1911-இல் டாக்டர் பட்டம் பெற்று, மேலும் ஆராய்ச்சி செய்ய இங்கிலாந்து சென்றார். அப்போது அவருக்கும் மார்கரெத் நோர்லுண்ட் என்னும் மங்கைக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருந்தது. அந்த முதற் பயணம் பழைய முறைப்படியே நடந்தது. அவர் இங்கிலாந்தில், அவள் டென்மார்க்கில், நடுவே கடலும் கடிதங்களும்.

கேம்பிரிட்ஜில் நீல்ஸ் எதிர்பார்த்த ஆதரவு கிட்டவில்லை. ஆங்கிலமும் அவருக்கு எளிதாக வசப்படவில்லை. அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு டிக்கன்ஸின் நாவல்களைப் படித்து மொழி பயின்றார். 1912 மார்ச்சு மாதத்தில் அவர் மான்செஸ்டருக்குச் சென்று ரதர்போர்டிடம் சேர்ந்தார். அணுவின் நடுவே மிகச் சிறிய கரு ஒன்று உண்டென்று ரதர்போர்டு அதற்கு முந்திய ஆண்டுதான் அறிவித்திருந்தார். அவருடைய கூடத்தில் நீல்ஸின் சிந்தனை சுடர்விட்டது. ஆயினும் சில மாதங்களே கிடைத்தன. ஒரு கட்டுரை முடியாத நிலையிலேயே, ஜூலை மாதம், திருமணத்துக்காக ஊர் திரும்பினார்.

1912 ஆகஸ்டு முதல் நாள் ஸ்லாகெல்சே என்னும் ஊரில் மணம் நடந்தது. ஆடம்பரமில்லாத பதிவுத் திருமணம்; சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. தேனிலவுக்கு நார்வே செல்வதென்று முன்னமே முடிவு செய்திருந்தனர். மலையும் கடலும் ஒன்றையொன்று தழுவி நிற்கும் நாடு அது. புதுமணத் தம்பதிகளுக்கு அதைவிட உகந்த இடம் ஏது? ஆனால் முடியாத கட்டுரை நீல்ஸின் நெஞ்சை உறுத்திக்கொண்டிருந்தது. நார்வேப் பயணம் கைவிடப்பட்டது. இருவரும் இங்கிலாந்துக்குப் புறப்பட்டனர்.

இந்த இடத்தில் நாம் சற்று நின்று எண்ண வேண்டும். மணமான மறுநாளே மனைவியின் மகிழ்ச்சியைத் தம் ஆராய்ச்சிக்குப் பலியிட்ட கணவர் என்று நீல்ஸைக் குறை கூறலாம். அடுத்து நடந்ததை அறியாவிடில் அக்குறை நிலைத்தே நிற்கும்.

கேம்பிரிட்ஜ் நகரில் அவர்கள் தங்கினர். நீல்ஸுக்குப் பேனா பிடித்து எழுதுவது என்றுமே கைவராத கலை. பேசிப் பேசியே அவர் சிந்தனை தெளிவுறும். எதிரில் ஒருவர் இருந்து கேட்க வேண்டும், எழுதிக்கொள்ளவும் வேண்டும். அதுவரை அப்பணியைச் செய்து வந்தவர் அவருடைய அன்னையார். இப்போது மார்கரெத் அந்த நாற்காலியில் அமர்ந்தாள். அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள்; ஆங்கில நடையிலிருந்த பிழைகளையும் திருத்தினாள். தேனிலவின் முதல் நாட்கள் இவ்வாறு கழிந்தன.

அக்கட்டுரை கூறுவது என்ன? ஆல்பா துகள் என்பது ரேடியம் போன்ற பொருள்களிலிருந்து பெருவேகத்துடன் வெளிப்படும் நுண்துகள். அது ஒரு பொருளினூடே பாயும்போது வழியிலுள்ள எலெக்ட்ரான்களை அசைத்துவிட்டுச் செல்கிறது. அசைத்த அளவுக்குத் தன் வேகத்தை இழக்கிறது. திருவிழாக் கூட்டத்தில் ஓடுகிறவன் எத்தனை பேர்மீது மோதினானோ அத்தனைக்குத் தளர்வது போல என்று கொள்ளுங்கள். அவன் தளர்ச்சியைக் கொண்டே கூட்டத்தின் அளவை மதிப்பிடலாம் அன்றோ? அவ்வாறே துகளின் வேகக் குறைவைக் கொண்டு அணுவுக்குள் இருக்கும் எலெக்ட்ரான்களைப் பற்றி அறியலாம். ஹைட்ரஜன் அணுவில் ஓர் எலெக்ட்ரான், ஹீலியம் அணுவில் இரண்டு என்ற முடிவுக்கு நீல்ஸ் வந்தார். இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த இவ்வுண்மை அன்று ஐயந்திரிபற நிலைநாட்டப்படாத ஒன்று.

எழுதி முடித்த கட்டுரையுடன் தம்பதிகள் மான்செஸ்டர் சென்றனர். ரதர்போர்டும் அவர் துணைவியார் மேரியும் அவர்களை அன்புடன் வரவேற்றனர். அன்று தொடங்கிய நட்பு இரு குடும்பங்களையும் பல்லாண்டுகள் பிணைத்தது. கட்டுரை உரியவர் கையில் சேர்ந்தது. பிறகுதான் ஓய்வு. இருவரும் ஸ்காட்லாந்துக்குச் சென்று தேனிலவின் எஞ்சிய நாட்களைக் கழித்தனர். 1913 சனவரியில் கட்டுரை அச்சாயிற்று. அதே ஆண்டில் அணுவின் அமைப்பைப் பற்றி நீல்ஸ் வெளியிட்ட மூன்று கட்டுரைகளே அவரை உலகறியச் செய்தன.

இரண்டாம் பயணம் இதனினும் கடினமானது. ரதர்போர்டின் அழைப்பை ஏற்று மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் கற்பிக்க 1914-இல் நீல்ஸ் இசைந்தார். அதற்குள் முதலாம் உலக யுத்தம் மூண்டுவிட்டது. மனைவியைப் பாதுகாப்பாக ஊரில் விட்டுச் செல்வதற்கு அதைவிடத் தக்க காரணம் வேண்டுவதில்லை. எனினும் இருவரும் சேர்ந்தே கப்பலேறினர். ஸ்காட்லாந்தைச் சுற்றிப் புயலிடையே வந்த அக்கப்பல் இலையுதிர் காலத்தில் அவர்களைக் கரை சேர்த்தது. ஆய்வுக்கூடம் வெறிச்சோடியிருந்தது. இளைஞர்கள் பலர் போர்முனைக்குச் சென்றுவிட்டனர். அங்கே முன்பு பணியாற்றிய மோஸ்லி என்னும் பேரறிவாளர் 1915-இல் கல்லிப்போலியில் மாண்டார். அத்துயரச் சூழலில் ஏறத்தாழ இரண்டாண்டுகள் அவ்விருவரும் அந்நகரில் இல்லறம் நடத்தினர். 1916 கோடையில் நீல்ஸ் பேராசிரியர் பதவியேற்கத் தாய்நாடு திரும்பினர். அவ்வாண்டு நவம்பரில் அவர்களுக்குத் தலைமகன் பிறந்தான். பாட்டனாரின் பெயரான கிறிஸ்டியன் என்பதையே அவனுக்கு இட்டனர்.

ஆகவே, தாய் தந்தையர் ஆவதற்கு முன் அவர்களுக்குக் கிடைத்த காலம் நான்கு ஆண்டுகளுக்குச் சற்று மேல். அதில் பாதிக்கு மேல் டென்மார்க்கில் கழிந்தது. மற்றது ஒருவருடைய தொழிலின் நிழலில், வேற்று நாட்டில் கழிந்தது. அந்த ஆண்டுகள் வீணாயினவா? பின்னர் நடந்தவற்றைக் கேளுங்கள். ஆறு புதல்வர்கள் பிறந்தனர். ஒருவனுக்கு ரதர்போர்டின் பெயராகிய எர்னெஸ்ட் என்பதைச் சூட்டினர். கோபன்ஹேகனில் 1921-இல் திறக்கப்பட்ட ஆராய்ச்சி நிலையத்துக்குப் பல நாட்டு இளைஞர்கள் வந்து குழுமினர். அவர்களுக்கெல்லாம் மார்கரெத்தின் இல்லம் சொந்த வீடாயிற்று. 1922-இல் நீல்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1934-இல் பெருந்துயர் வந்தது: தந்தையுடன் பாய்மரப் படகில் சென்ற கிறிஸ்டியன், பதினேழாம் வயதில், கடலில் வீழ்ந்து மறைந்தான். 1943-இல், பகைவர் பிடியிலிருந்து தப்ப, கணவனும் மனைவியும் இரவில் படகேறி ஸ்வீடனை அடைந்தனர். 1975-இல், அன்னை உயிரோடிருந்த காலத்திலேயே, ஓகே என்னும் மகன் தந்தையைப் போலவே பௌதிகத்தில் நோபல் பரிசு பெற்றார். இன்பமும் துன்பமும் இவ்வாறு மாறி மாறி வந்த ஐம்பதாண்டு இல்வாழ்க்கை 1962-இல் நீல்ஸின் மறைவு வரை நீடித்தது. அவ்வளவு பாரத்தையும் தாங்கிய தூண் கேம்பிரிட்ஜ் நகரில் ஒருவர் சொல்ல ஒருவர் எழுதிய அந்த நாட்களில் நடப்பட்டது என்றே நான் கருதுகிறேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கட்டுரையின் தலைப்பில் நீல்ஸின் பெயர் மட்டுமே இருக்கிறது. மார்கரெத்தின் பெயர் இல்லை. நார்வேயை விட்டுக்கொடுத்ததில் அவள் பங்கு பெரிது. புகழில் அவள் பங்கு சிறிது. அக்காலத்து வழக்கம் அது. அவ்வழக்கத்தை நாம் பின்பற்ற வேண்டுவதில்லை. நாளை உங்களில் ஒரு பெண் தன் ஆராய்ச்சிக்காகக் கடல் கடப்பாள். அவள் கணவர் உடன் செல்வார். அன்று எதிர் நாற்காலியில் அமர்ந்து கேட்பதும் எழுதுவதும் அவர் கடமையாகும்.

அவர்கள் வாழ்விலிருந்து நாம் கற்க வேண்டியது எளியது. வேலையையும் உல்லாசத்தையும் ஒரே பயணத்தில் சேர்ப்பவர்கள் நாட்களைப் பங்கிடுவதில் கவலை கொள்கின்றனர். இத்தனை நாள் அலுவலுக்கு, இத்தனை நாள் நமக்கு என்று கணக்கிடுகின்றனர். அக்கணக்கும் வேண்டியதுதான், ஸ்காட்லாந்து இல்லாவிடில் அத்தேனிலவு முழுமை பெற்றிராது. ஆனால் அதற்கும் முன்னே செய்ய வேண்டியது ஒன்றுண்டு. தம் வேலையின் கதவைத் துணைவருக்குத் திறந்து விடவேண்டும். தமக்குள்ள ஐயம், தாம் முடிக்காமல் விட்ட காரியம், தமக்கு வராத கலை இவற்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். உள்ளே வந்தவருக்குக் காத்திருப்பு இல்லை. அவ்வாறு உடன் வந்து பழகிய இருவர் பெற்றோராகும்போது, தொட்டிலையும் இருவராகவே ஆட்டுவர்.